விரோதி வருஷத்துப் பந்து

உட்காருங்கம்மா. பாய் வேணாம்னா நாற்காலியில உட்காருங்க, எது சௌகரியமோ அது. காஞ்சிபுரத்திலேர்ந்து ரயிலேறி, ஆம்பளைங்களை அனுப்பாம நீங்களே வந்திருக்கீங்கன்னா, என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஜாதகம் பொருந்தியாச்சு. பையனை நீங்க பார்த்தாச்சு. பொண்ணை நாங்க பார்த்தாச்சு, கண்ணுக்கு நிறைவா இருக்கா. பாக்கி இருக்கிறது ஒண்ணுதான். மாப்பிள்ளையோட அப்பா வெள்ளைக்காரத் துரையை அடிச்சுட்டு ஊரை விட்டு ஓடினவராமேன்னு யாரோ உங்க காதுல போட்டிருக்காங்க. செங்கல்பட்டு மாமிதானே? வேற யாரு.

அடிக்கலைம்மா. எங்க வீட்டு முதலியார் கொசுவை அடிக்கிறதுக்கே ரெண்டு தரம் யோசிக்கிறவரு. அடிச்சது துரைதான். துரை அடிச்ச பந்து இவர் மடியில வந்து விழுந்துது. தானா விழுந்துது. அவ்வளவுதான் விஷயம். அதுக்குத்தான் தெலுங்கு தேசத்துல மூணு வருஷம் போய்க் கிடந்தோம்.

முழுசா சொல்லிடறேன். நான் சொன்னாத்தான் சரியா இருக்கும். மத்தவங்க சொன்னா கதை வேற பக்கம் போயிடுது. தேவசகாயம் வாத்தியார்னு ஒருத்தர் இருக்காரு, அடுத்த தெரு, மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் கொடுத்தவரு. அவர்கிட்ட மட்டும் நீங்க கேட்டுடாதீங்க. கணக்குல எப்படியோ, பேச்சுல ஒண்ணைப் பத்தாக்குவாரு.

அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, விரோதி வருஷம். வருஷத்துப் பேரே விரோதின்னா என்ன விளங்கும். இப்ப நடக்கிறது விரோதிகிருது, அதுக்குத் தம்பி மாதிரி. அதனாலதான் கல்யாணத்தை இந்த வருஷம் போனப்புறம் வைகாசியில வச்சுக்கலாம்னு முதல்லேயே சொன்னேன். அப்பவும் நாங்க இதே கோமளேஸ்வரன்பேட்டையிலதான் இருந்தோம். என் பையன் ஞானசுந்தரம் கைக்குழந்தை. முதலியாருக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. தோல், அவுரி எல்லாம் கப்பல்ல ஏத்தற கம்பெனி. பேரு சொல்ல மாட்டேன், அதுல நம்ம சொந்தக்காரங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. இவரு ரெண்டாவது குமாஸ்தா. ஹெட்கிளார்க் ஒரு கிழவர், கண்ணு தெரியாம எந்த நிமிஷமும் எழுந்து போற நிலைமை. அவர் எழுந்தா அந்த நாற்காலி இவருக்குன்னு ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

அப்படி இருக்கிற மனுஷன் என்ன பண்ணணும்? வேலையைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணும். இவருக்கு வந்துது பாருங்க ஒரு கிறுக்கு. துரை படிச்சுப் போட்ட இங்கிலீஷ் பேப்பரை வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வருவாரு. வந்து சமையல்கட்டு வாசப்படியில உட்கார்ந்து படிப்பாரு. மழையைப் பத்தி, அரிசி விலையைப் பத்தி, ஒரு வார்த்தை கிடையாது. உலகத்துல எந்த மூலையில எவன் எவனோட போட்டி போட்டான், அதுதான். நான் மாவாட்டிக்கிட்டே கேட்டுக்கணும்.

அமெரிக்காவுல ரெண்டு பேரு, உச்சி வெயில்ல, கைக்கு உறைகூடப் போட்டுக்காம ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் குத்திக்கிட்டாங்களாம். எழுபத்தஞ்சு சுத்து. என்னங்க சண்டை, நெலத் தகராறான்னு கேட்டேன். தகராறெல்லாம் இல்லை, யார் பெரியவன்னு பாக்கத்தான்னாரு. சீமையில ஒரு அண்ணன் தம்பி, இரட்டைப் பிள்ளைங்களாம். நடுவுல வலையைக் கட்டிப் பந்தடிச்சு அண்ணன் தம்பியை ஜெயிச்சுட்டானாம். ஒரே வயித்துல ஒண்ணாப் பொறந்ததுங்களுக்கு நடுவுல வலையைக் கட்டி விட்டிருக்காங்களே, பெத்தவ எங்கே போனான்னு கேட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டாரு. இன்னொரு ஊர்ல ஒரு கால்பந்து கோஷ்டி, வருஷம் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோக்கலையாம். அதுக்கு இவரு தெருவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் சுண்டல் செஞ்சு கொடுக்கணும்னாரு. யாரும்மா அவங்க? நமக்கு உறவா, பங்காளியா? கடலை ஊற வச்சது நான்.

பேப்பர்ல படிக்கிறதோட நின்னிருந்தா சரி. தானும் ஆடணும்னு கிளம்பிட்டாரு. இந்த தேவசகாயம் வாத்தியார், என் தம்பி மாசிலாமணி, தபாலாபீஸ்ல ரெண்டு பேரு, இப்படி ஆளைச் சேர்த்து கோமளேஸ்வரன்பேட்டை கிரிக்கெட் சங்கம்னு ஆரம்பிச்சாரு. இவருதான் தலைவர். ஆட்டம் தெரியும்னு இல்லை, மட்டை வாங்கினது இவருங்கிறதால.

என் வாயால புருஷனைக் குறை சொல்லக் கூடாது. ஆனா உள்ளதைச் சொல்றேன், அவருக்கு ஆட வராது. அப்ப நல்ல சரீரம். ரெண்டு தெரு நடந்தாலே மேல்துண்டால முகத்தைத் துடைப்பாரு. மட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னா, பந்து வந்து குச்சியைத் தள்ளிட்டுப் போனப்புறம் வீசுவாரு. பந்து இவர் பக்கம் உருண்டு வந்தா, குனியறதுக்குள்ள அது அடுத்த பேட்டைக்குப் போயிடும். ஒரு தரம் எங்க கொல்லையில எலுமிச்சம்பழத்தை மேலே போட்டுப் போட்டுப் புடிச்சுப் பழகினாரு. கிணத்துல விழுந்ததுதான் மிச்சம். அந்த வாரம் பூரா தண்ணியில எலுமிச்சை வாசனை. அதனாலதான் சொல்றேன், அந்தப் பந்து தானா விழுந்துதுன்னு. என்னைவிட அவர் கையைப் பத்தி யாருக்குத் தெரியும்?

தை மாசம் ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து ஓடி வந்தாரு. ஓடியேதான் வந்தாரு. பம்பாயில பார்சிக்காரங்க, சீமையிலேர்ந்து கப்பலேறி வந்த வெள்ளைக்காரக் கோஷ்டியைக் கிரிக்கெட்டுல ஜெயிச்சுட்டாங்களாம். நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்கன்னாரு. பார்சி எப்படிங்க நம்ம ஆளு, அவங்க மூக்கும் நம்ம மூக்கும் ஒண்ணான்னேன். இன்னிக்கு ஒண்ணுதான்னாரு. குழந்தையைத் தூக்கி மேலே போட்டுப் புடிச்சாரு. எலுமிச்சம்பழம் ஞாபகத்துக்கு வந்து நான் ஓடிப் போய்ப் பிடுங்கிக்கிட்டேன்.

அந்தச் சேதி எங்க ஆபீஸ் துரைக்கும் போய்ச் சேர்ந்துது. மக்ரே துரைன்னு பேரு. சிவப்பு மீசை, ஆறடி. கம்பெனி வெள்ளைக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு கோஷ்டி வச்சிருந்தாங்க, அதுக்கு அவன்தான் தலைவன். பம்பாயில நடந்தது மதராஸ்ல நடக்காதுன்னு பார்ட்டியில பேசியிருக்கான். பேசினதோட விடாம, முதலியார், நீ ஏதோ சங்கம் வச்சிருக்கியாமே, மாசி மாசத்துல ஒரு நாள் தீவுத்திடலுக்கு உன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா, ஆடிப் பார்க்கலாம்னுட்டான். கூடவே சிரிச்சுக்கிட்டே, ஹெட்கிளார்க் அடுத்த மாசம் போறாரு, உன்னைப் பத்தித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்னானாம்.

இவரு இதைச் சந்தோஷமா வந்து சொல்றாரு. ரெண்டு பேச்சையும் ஒண்ணாச் சொல்லியிருக்கான்னா என்ன அர்த்தம்? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். என் புருஷனுக்குப் புரியலை. நாங்க ஜெயிக்க முடியும் செங்கமலம், தேவசகாயம் பந்து போட்டா யாரும் நிக்க முடியாதுங்கிறாரு.

நான் சாதத்தைப் போட்டுட்டு, பக்கத்துல உட்கார்ந்து, நிதானமாச் சொன்னேன். "தோத்துட்டு வாங்க."

அவரு சோத்துல கையை வச்சபடியே என்னைப் பார்த்தாரு.

"கௌரவமாத் தோத்துட்டு வாங்க. யாரும் உங்களைத் தப்பாச் சொல்ல மாட்டாங்க. துரை சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும். நாற்காலியில நீங்க உட்காருங்க. அப்புறம் எத்தனை பந்து வேணும்னாலும் வாங்கித் தரேன், கொல்லையில வச்சு ஆடுங்க."

மோர் சாதத்துக்கு வந்தப்புறம், தேவசகாயம்கிட்டயும் மாசிலாமணிகிட்டயும் தோக்கச் சொல்லி நான் எப்படிச் சொல்றதுன்னாரு. அவங்ககிட்ட சொல்ல வேணாம், நீங்க ஜெயிக்காம இருந்தாப் போதும்னேன். குழந்தையைக் கொண்டு வந்து முன்னால விட்டேன். இவன் தலையில கையை வச்சுச் சொல்லுங்க, பந்து உங்க பக்கம் வந்தா கையால தொட மாட்டேன்னு.

"கையாலயா?"ன்னு கேட்டாரு.

"கையாலதான்."

"கையால மட்டும்தானே?"

பார்த்தீங்களா, எவ்வளவு அக்கறையாக் கேட்டுக்கிட்டாருன்னு. பொண்டாட்டி சொல்றதை இவ்வளவு கவனமாக் கேக்கற ஆம்பளை இந்தப் பேட்டையிலேயே கிடையாது. ஆமான்னேன். குழந்தை தலையில கையை வச்சுச் சத்தியம் பண்ணினாரு.

ஆட்டத்தன்னிக்கு நான் போகலை. பொம்பளைங்க அங்கெல்லாம் போறதில்லை. துரைசாணிங்க மட்டும் குடையைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்களாம். அதனால நடந்ததை நான் மூணு பேர் வாயால கேட்டேன். தேவசகாயம் வாத்தியார் சொன்னது ஒண்ணு, என் தம்பி சொன்னது ஒண்ணு, முதலியார் சொன்னது ஒண்ணு. மூணையும் சொல்றேன், எது நிஜம்னு நீங்களே பாருங்க.

முதல்ல நம்ம ஆளுங்க மட்டை புடிச்சாங்க. ஏதோ சுமாரா அடிச்சாங்க. முதலியார் போன வேகத்துல குச்சியைப் பறிகொடுத்துட்டு வந்துட்டாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. அப்புறம் வெள்ளைக்காரங்க மட்டை புடிச்சாங்க. தேவசகாயம் வாத்தியார் பந்து போட ஒவ்வொருத்தனா வெளியே போயிருக்கான். அதுல மட்டும் மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, அதனால அது நிஜமா இருக்கலாம். கடைசியில துரை ஒருத்தன், கூட ஒரு பொடி வெள்ளைக்காரன். அவங்களோட ஜோடி முடிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. ஆனா துரை நின்னு விளாசறான். ஜெயிக்கிறதுக்கு இன்னும் ஒரு அடியோ ரெண்டு அடியோதான் பாக்கி. சாயங்கால வேளை. துரைசாணிங்க எழுந்து நின்னுட்டாங்களாம்.

எங்க வீட்டுக்காரர் எங்கே நின்னாருன்னா, ஒரு ஓரமா. பந்தே வராத இடம்னு மாசிலாமணிதான் அங்கே நிறுத்தி வச்சானாம். மாமாவுக்கும் கௌரவம், ஆட்டத்துக்கும் கெடுதல் இல்லைன்னு.

துரை ஓங்கி அடிச்சான். பந்து மேலே போச்சு. தேவசகாயம் வாத்தியார் சொல்றாரு, அது இவர் நின்ன பக்கமே போகலையாம். ஒரு கூப்பிடு தூரம் தள்ளிப் போச்சாம். இவரு அதைப் பார்த்தாராம், ஓட ஆரம்பிச்சாராம். தலைப்பாகை ஒரு பக்கம் பறக்குது, மேல்துண்டு ஒரு பக்கம் பறக்குது, பஞ்சகச்சம் அவுந்து தரையில இழுபடுது, எங்கிருந்துதான் அந்த வேகம் வந்துதோன்னு வாத்தியார் சொல்லும்போதே எழுந்து நின்னுடுவாரு. கடைசியில பந்து தரையைத் தொடறதுக்கு ஒரு சாண் இருக்கும்போது இவர் அப்படியே முன்னால பாய்ஞ்சு, நெஞ்சடிக்க விழுந்து, புரண்டு, எழுந்திருச்சா, பந்து ரெண்டு முழங்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்காம். கையை மட்டும் ரெண்டு பக்கமும் விரிச்சு வச்சிருந்தாராம், பந்துமேல படாம. சாமிக்குப் பூ கொண்டு போற மாதிரி அதை அப்படியே அணைச்சுக்கிட்டு நடந்து வந்தாராம்.

வாத்தியார் வேதப் புஸ்தகம் படிக்கிறவரு. நெஞ்சறிஞ்சு பொய் சொல்ல மாட்டாரு. ஆனா மனுஷனுக்கு ஜெயிச்ச சந்தோஷம் இருக்கில்லையா, கண்ணு பெருசாத்தான் பார்க்கும்.

மாசிலாமணியும் அதையேதான் சொல்றான். கேட்டா, அக்கா, மாமா பறந்தாருன்னான். நீ வாத்தியாரோட சேர்ந்து கெட்டுப் போயிட்டேன்னேன்.

முதலியார் சொன்னதுதான் நடந்தது. கேளுங்க. பந்து மேலே போனதும் இவருக்கு பயம் வந்துடுச்சு. எங்கே தன் பக்கம் வந்துடுமோ, எங்கே கையில பட்டுடுமோன்னு. அதனால அதுகிட்டேயிருந்து தப்பிச்சு ஓடியிருக்காரு. எதிர்ப்பக்கமாத்தான் ஓடியிருக்காரு. ஆனா சாயங்காலத்துல அங்கே கடல்காத்து அடிக்கும் பாருங்க, அது பந்தை இவர் பின்னாலேயே தள்ளிக்கிட்டு வந்திருக்கு. வேட்டி தடுக்கி விழுந்திருக்காரு. விழுந்த இடத்துல பந்து வந்து மடியில உட்கார்ந்திருக்கு. தானா. அப்பவும் சத்தியத்தை மறக்காம கையை விரிச்சு வச்சுக்கிட்டிருக்காரு. இதைவிடவா ஒரு அத்தாட்சி வேணும்? ஜெயிக்கணும்னு நினைச்சவனா இருந்தா ரெண்டு கையாலயும் பிடுங்கியிருக்க மாட்டானா?

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். முழங்கை ரெண்டும் தோல் உரிஞ்சிருந்துது, நெஞ்சுல சிராய்ப்பு, தாடையில மண்ணு. மஞ்சள் அரைச்சுப் போட்டவ நான்தானே. தடுக்கி விழுந்தா உரியாதா? மண்ணு அப்படி.

அங்கே பெரிய தகராறாம். கையால புடிக்கலை, இது செல்லாதுன்னு துரை பக்கத்துல கத்தியிருக்காங்க. நடுவரா இருந்தவரு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவரு எங்க வீட்டுக்காரரைப் பார்த்திருக்காரு, பந்தைப் பார்த்திருக்காரு, உடம்போட அணைச்சாலும் புடிச்சது புடிச்சதுதான், துரை வெளியே போகலாம்னு சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவர்மேலதான் முதல் கோவம். செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே ஹெட்கிளார்க் சம்சாரம்.

தெருவே கூச்சல். ஜன்னல் வழியாப் பார்த்தா, இவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு வராங்க. அந்தச் சரீரத்தை எப்படித் தூக்கினாங்களோ. எனக்கு வந்த கோவத்துல கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எல்லாரும் சத்தம் அடங்கி மெதுவாக் கலைஞ்சு போயிட்டாங்க. இவர் மட்டும் வெளியே நிக்கிறாரு. கதவுக்கு இந்தப் பக்கம் குழந்தையை வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன்.

"செங்கமலம், நான் கையால தொடலை"ன்னாரு.

நான் குழந்தையை மறு தோளுக்கு மாத்திக்கிட்டேன்.

"தானா வந்து விழுந்துது."

சரி, சத்தியம் பண்ணின மனுஷன், என்ன பண்ணுவாரு பாவம்னு கதவைத் திறந்தேன். அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்மா. கண்ணெல்லாம் பளபளன்னு, உதடு துடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவுல ஒரு மாதிரி. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அப்படி பயந்து போயிருந்தாரு. உள்ளே கூட்டிக்கிட்டு வந்து சுத்திப் போட்டேன்.

அதோட போயிருந்தாலும் பொழைச்சிருப்போம். அடுத்து ஆபீஸ் திறந்தன்னிக்கு துரை இவரைக் கூப்பிட்டிருக்கான். கோவமா இல்லையாம். நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு, முதலியார், அன்னிக்கு நடந்தது அதிர்ஷ்டம்தானேன்னு கேட்டிருக்கான். பக்கத்து மேஜையில இருந்த கோவிந்தராஜுலு நாயுடு கேட்டுக்கிட்டிருந்தாரு, அவர் வந்து என் தம்பிகிட்ட சொன்னது இது. ஆமாங்க துரை, அதிர்ஷ்டம்தான், தானா விழுந்துதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. துரையும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கான். ஹெட்கிளார்க் கிழவர்கூட பின்னாலேர்ந்து தலையை ஆட்டியிருக்காரு, சொல்லு சொல்லுன்னு.

இவரு எழுந்து நின்னு, கோட்டு பொத்தானைச் சரி பண்ணிக்கிட்டு, "ஐ காட் இட், சார்"னு சொல்லியிருக்காரு.

துரை இன்னொரு தரம் கேட்டிருக்கான். இவரும் இன்னொரு தரம் அதையே சொல்லியிருக்காரு.

மாசிலாமணி அதுக்கு அர்த்தம் சொல்றான், நான்தான் புடிச்சேன்னு. எனக்கா இங்கிலீஷ் தெரியாது? காட்னா சாமி. பக்கத்து மிஷன்ல நாள் முழுக்க காட் காட்னுதான் பாடறாங்க. சாமி செயல்னு சொல்லியிருக்காரு மனுஷன். என் கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் போட்டதுன்னு. அந்த வெள்ளைக்காரனுக்கு அவன் பாஷையே புரியலை. பக்தியாச் சொன்னதைத் திமிராச் சொன்னதா எடுத்துக்கிட்டான்.

ஹெட்கிளார்க் நாற்காலி கோவிந்தராஜுலு நாயுடுவுக்குப் போச்சு. எங்களுக்கு மசூலிப்பட்டணத்துக் கிடங்கைப் பார்த்துக்கச் சொல்லி உத்தரவு. அங்கே இருக்கிறவங்க அந்த ஊருக்கு என்ன பேர் சொல்றாங்க தெரியுமா? பந்தர். பந்தைப் புடிச்சவருக்குப் பந்தர். துரைக்குத் தமிழ் தெரியாது, தெரிஞ்சிருந்தா வேணும்னே பண்ணினான்னு சொல்லலாம்.

அந்த மூணு வருஷத்தை எப்படிச் சொல்றது. சுத்தி உப்பங்கழி. வீட்டுக்குள்ளேயும் தோல் மூட்டை நாத்தம். கேட்டது எதுவும் எனக்குப் புரியலை, நான் பேசினது அவங்களுக்குப் புரியலை. குழந்தைக்கு மாசம் தப்பாம ஜுரம். ஒரு தரம் ரொம்ப முத்திப் போய், வைத்தியரும் கையை விரிச்சுட்டாரு. அன்னிக்கு நான் இவரைப் பார்த்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அந்தப் பந்தாலதானே இதெல்லாம்னேன். இவரு குழந்தையை மடியில போட்டுக்கிட்டு, நெத்தியில ஈரத்துணியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருந்தாரு. ஜுரம் விட்டுது. விட்டப்புறமும் ரெண்டு நாள் கீழே இறக்கலை. அப்ப சொன்னாரு, நாற்காலியை உனக்கு வாங்கித் தர முடியாமப் போச்சு செங்கமலம்னு. அது மட்டும்தான் சொன்னாரு. பந்தைப் பத்திப் பேச்சே எடுக்கலை.

ஆனா ஒரு நாளும் அலுத்துக்கலைம்மா. அதுதான் எனக்கு ஆச்சரியம். என் அப்பா உத்தியோகத்துல ஒரு படி இறங்கினதுக்கு வருஷக்கணக்கா யார்கிட்டயும் சிரிச்சுப் பேசலை. இவரு என்னடான்னா சாயங்காலமானா கடற்கரைக்குப் போவாரு. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், மனசொடிஞ்சு ஏதாவது பண்ணிக்கப் போறாரோன்னு. தனியா நிக்கிறாரு. ஒரு கூழாங்கல்லை மேலே எறியறாரு, காத்துல அது எங்கே போகுதோ அங்கே ஓடிப் போய்ப் புடிக்கிறாரு. மறுபடி எறியறாரு, மறுபடி புடிக்கிறாரு. ஒண்ணும் கீழே விழலை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எவ்வளவு வருத்தம் இருந்தா ஒரு மனுஷன் கல்லை எடுத்துத் தன்னையே இப்படி தண்டிச்சுக்குவாரு? சத்தம் போடாம வீட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி அவருக்குப் புடிச்ச வாழைப்பூ வடை செஞ்சு போட்டேன். நான் பார்த்ததை இந்த நாள் வரைக்கும் அவர்கிட்ட சொல்லலை.

அப்புறம் துரை சீமைக்குக் கப்பலேறினான். புதுசா வந்தவன் இவரை மதராஸுக்கே கூப்பிட்டுக்கிட்டான். கோவிந்தராஜுலு நாயுடு போனப்புறம் ஹெட்கிளார்க்காவும் ஆனாரு, ரிடையர் ஆகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால. அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்துட்டு வந்தவர்கிட்ட, என்னங்க எப்படி இருந்துதுன்னு கேட்டா, ஒரு கால் ஆடுதுன்னாரு. அவ்வளவுதான். இதுக்குத்தான் நான் அவ்வளவு பாடு பட்டேன்.

ஆக, இதுதான் விஷயம். துரையை அடிக்கவும் இல்லை, ஊரை விட்டு ஓடவும் இல்லை. செங்கல்பட்டு மாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இந்த வீட்டு ஆம்பளைங்க பொண்டாட்டி பேச்சைத் தட்டாதவங்க. உங்க பொண்ணு ராணி மாதிரி இருப்பா. பையனும் அப்பா மாதிரியேதான், வாயில பொய் வராது.

நீங்களே பார்க்கப் போறீங்களே. லா காலேஜ்ல படிக்கிறவன், சாயங்காலமான உடனே மத்த பசங்க மாதிரி ஊர் சுத்தறதில்லை. நேரே லைப்ரரிக்குப் போறான். அங்கே விசிறிப் பங்கா கிடையாதாம், சட்டையெல்லாம் பிழியற மாதிரி நனைஞ்சு வருவான். பெரிய பெரிய புஸ்தகம் எல்லாம் உசரத்துல வச்சிருக்காங்களாம், ஏணி போட்டுத்தான் எடுக்கணுமாம். வாரத்துக்கு ரெண்டு தரம் அதுலேர்ந்து வழுக்கி முழங்காலைப் பேத்துக்கிட்டு வரான் குழந்தை. போன வாரம் கல்கத்தாவுல யாரோ வெறுங்காலோட பந்தை உதைச்சு வெள்ளைக்காரங்களை ஜெயிச்ச பழைய பேப்பரை அப்பாவும் பிள்ளையும் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. என்னடா அதுல இருக்குன்னேன். சட்டம்மா, பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சா இந்தப் பக்கம் போச்சான்னு ஒரு வழக்குன்னான். அவனோட அப்பாவும் ஆமான்னாரு. பரீட்சைக்கு வருமாம்.

ஏன் சிரிக்கிறீங்க?

சிரிங்க, பரவாயில்லை. சிரிச்ச முகத்தோடயே இந்தத் தாம்பூலத்தை எடுத்துக்கோங்க. எடுத்துக்கிட்டீங்களா? எனக்கு இப்பத்தான் மனசு நிம்மதியாச்சு. கல்யாணம் ஆகி வந்ததும் உங்க பொண்ணுகிட்ட முதல் வேலையா ஒண்ணு சொல்லணும். காலேஜுக்கு ஆளனுப்பி அந்த ஏணியை மாத்தச் சொல்லணும். நான் சொன்னா, வேணாம்மா வேணாம்மான்னு பதறறான், பாவம், யாருக்கும் சிரமம் வேணாம்னு நினைக்கிற பிள்ளை.